அனிமோனுக்கு உடம்பு சரியில்லை

மடம், கேமரன் மலை
8 அக்டோபர் 2023

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள தம்பி டேரிலுக்கு,

தேவ கிருபையால் நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எனக்கு நவதுறவி உடை கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், துறவு வாக்காகிய முதல் வார்த்தைப்பாடு. அதுவரை மாதம் ஒரு கடிதம் எழுதலாம். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் கடிதம் கிடையாது. போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் மடத்துத் தலைவி மதர் படித்துப் பார்ப்பார். அவர் தைப்பிங்கில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். ஆகவே கோழி கிளறியது போல எழுதாதே.

அம்மாவின் கல்லறைக்கு மாதம் ஒருமுறையாவது போ. கடல் அனிமோன் தொட்டி இனி உன்னுடையது. விட்டுவந்ததைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

உனக்காக ஜெபிக்கும்
அக்கா லீனா


ஜெலுத்தோங், பினாங்கு
29 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி டேரில் எழுதிக்கொள்வது.

நான் சுகம். உங்கள் சுகத்துக்கும், இதைப் படித்துக்கொண்டிருக்கும் மதருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. வீட்டுக்கு வருகிற தண்ணீர் பில்லில்கூட அதைவிட அதிகம் எழுதியிருக்கிறது அக்கா. பதினொரு வருடம் தெலுக் பஹாங்கில் கடல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து நண்டு என்ன செய்தது, நட்சத்திர மீன் என்ன செய்தது என்று சோறு ஆறும்வரை பேசிய ஆளா இது என்று நினைத்துக்கொண்டேன். சரி. மடத்துக்குப் போனால் அப்படித்தான் போலிருக்கிறது.

கேட்கப்போவதில்லை என்றீர்கள். நான் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து அனிமோனுக்கு உடம்பு சரியில்லை. தட்டு அகலம் பூ மாதிரி விரிந்திருந்தது, இப்போது ஊறப்போட்ட ஜாதிக்காய் மாதிரி சுருங்கிவிட்டது. வாயிலிருந்து பழுப்பாகச் சளி ஒன்று வந்தது. பசியாக இருக்கும் என்று ஒரு முழு இறாலை வாயில் வைத்து அழுத்தினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் துப்பிவிட்டது. இன்னொன்று வைத்தேன், அதையும் துப்பிவிட்டது.

அம்மா போய் நாலு மாதத்தில் நீங்களும் போனீர்கள். இதுவும் போய்விட்டால் வீட்டில் சத்தம் போடுவதற்கு நானும் பிரிட்ஜும்தான். என்ன செய்வது என்று எழுதுங்கள்.

தம்பி
டேரில்


மடம்
19 நவம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

முதலில் கையைத் தொட்டியிலிருந்து வெளியே எடு. எடுத்துவிட்டாயா? இனிப் படி.

அது சாகவில்லை. வயிற்றைக் காலி செய்கிறது. அனிமோனுக்குச் சாப்பிடவும் கழிக்கவும் இருப்பது ஒரே வாய். உள்ளே இருக்கும் அழுக்கை வெளியேற்ற, உடம்பிலுள்ள தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டுச் சுருங்கிக்கொள்ளும். ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள். பிறகு தானே உப்பிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து நீ முழு இறாலைத் திணித்திருக்கிறாய். வயிறு சரியில்லாதபோது உன் வாயில் ஒரு முழுக் கோழியை வைத்தால் நீ என்ன செய்வாய்? சரி, உன்னிடம் போய் அதைக் கேட்டது என் தப்பு.

எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்காதே, வாயைப் பார். இறுக மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கு. வாய் பிளந்து உள்ளே இருப்பது வெளியே தொங்கினால்தான் கவலை. அப்புறம் கால். பாறை இடுக்கில் ஊன்றி நிற்க வேண்டும். பிடி விட்டுத் தொட்டிக்குள் உருண்டால் ஆபத்து. பசியா இல்லையா என்று தெரிய, சின்ன இறால் துண்டை இடுக்கியால் பிடித்து அதன் கை ஒன்றில் லேசாகத் தொடு. ஒட்டிக்கொண்டு வாய்க்கு இழுத்தால் பசியும் இருக்கிறது, தெம்பும் இருக்கிறது. நழுவவிட்டால் விட்டுவிடு, வற்புறுத்தாதே. துண்டு உன் சுண்டுவிரல் நகத்துக்கு மேல் போகக் கூடாது. வாரத்துக்கு இரண்டு முறை போதும். பசாரில் காலையில் வந்த இறாலாக வாங்கு.

நிறத்தையும் கவனி. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் போடுவதே அந்தப் பாசிதான். பாசி போனால் அனிமோன் வெளுத்துவிடும். பார்க்க வெள்ளையாக அழகாக இருக்கும், உள்ளே பட்டினி. தவிட்டு நிறம் இருக்கும்வரை உனக்குப் பயமில்லை.

உண்மையாகவே செத்துவிட்டால் நீ எனக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்காது. வாய் பிளந்த மூன்றாம் நாள் கரைந்துபோகும், நாற்றம் லிப்ட் வரைக்கும் வரும். நிலையத்தில் ஒருமுறை அப்படி ஆகி, நாங்கள் எல்லாரும் இரண்டு நாள் மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம்.

மணி அடித்துவிட்டது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன். தியான நேரத்தில் நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மதரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அக்கா
லீனா


ஜெலுத்தோங்
28 நவம்பர் 2023
(தபாலில் சேர்க்காதது)

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் சொன்னதுதான் சரி. நான் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலமே அது உப்பிக்கொண்டது. இப்போது வாய் மூடியிருக்கிறது, கால் பாறையில் இருக்கிறது, தவிட்டு நிறமும் அப்படியே. நேற்று நகம் அளவு இறால் கொடுத்தேன், இடுக்கியையும் சேர்த்து இழுத்தது.

உங்கள் இரண்டு பக்கத்தையும் நாலு முறை படித்தேன். முழுக் கோழி என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். உங்கள் குரலைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது.

இதை அனுப்பினால் நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மகிழ்ச்சி, ஜெபிக்கிறேன், கல்லறைக்குப் போ. அவ்வளவுதான்.


ஜெலுத்தோங்
29 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

நீங்கள் சொன்ன மாதிரி ஒன்றரை நாள் காத்திருந்தேன். உப்பவில்லை. நிறம் வெளுத்துக்கொண்டு வருகிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. இறாலைத் தொட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் ஆரம்பிக்கிறது, கிறிஸ்துமஸ் வரைக்கும் நீங்கள் எழுத முடியாது என்று தெரியும். என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

தம்பி
டேரில்


மடம்
27 டிசம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

பிறந்திருக்கும் பாலன் உனக்கு நலம் தரட்டும்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எத்தனை நாளாக வெளுத்திருக்கிறது? முழுவதும் வெள்ளையா, நுனி மட்டுமா? தண்ணீரின் உப்பு அளவைப் பார்த்தாயா? விளக்கு எப்போது மாற்றியது? மின்விசிறி தொட்டியின் பக்கம் திரும்பியிருக்கிறதா? தண்ணீர் சூடாகிவிட்டதா? கால் எங்கே இருக்கிறது? தொட்டால் சுருங்குகிறதா, சும்மா கிடக்கிறதா? குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினாயா? உண்மையைச் சொல், திட்டமாட்டேன்.

கிறிஸ்துமஸ் பூசையில் குடிலின் முன் மண்டியிட்டிருந்தபோது நான் உப்பு அளவை நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நம் அம்மா அதைப் பூ என்றுதான் கடைசிவரை சொன்னார். பத்தொன்பது நாள் படுக்கையில் கிடந்தபோது கட்டிலைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா?

முடிந்தால் ஒரு போட்டோ அனுப்பு. மதரிடம் கேட்டுவிட்டேன்.

அக்கா
லீனா


ஜெலுத்தோங்
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா?

போட்டோ வைத்திருக்கிறேன். மோசமாகத்தான் இருக்கிறது, பார்த்துப் பயப்படாதீர்கள். முழுவதும் வெள்ளை. வாய் இந்த மாதமும் திறந்தேதான் இருக்கிறது. உப்பு சரியாக இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றவில்லை. விளக்கு நீங்கள் வைத்துவிட்டுப் போனதுதான். இன்னும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

தம்பி
டேரில்


ஜெலுத்தோங்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? ஜனவரி முழுவதும் உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. தபால்காரரை நிறுத்திக் கேட்டேன். பதினாலாம் தேதி விபூதிப் புதன். அதற்கு மேல் நாற்பது நாள் நீங்கள் எழுதமாட்டீர்கள். அதுவரை இது தாங்காது என்று நினைக்கிறேன். ஏதாவது எழுதுங்கள் அக்கா.

டேரில்


மடம்
21 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தவக்காலத்தில் கடிதம் எழுத இங்கே யாருக்கும் வழக்கம் இல்லை. வேண்டுமென்றால் உணவறையில் எல்லாச் சகோதரிகளின் முன்னும் மண்டியிட்டு, காரணம் சொல்லி, அனுமதி கேட்க வேண்டும். கேட்டேன். ஒரு கடல் பிராணிக்கு உணவு கொடுப்பது பற்றி என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளுத்த அனிமோனுக்குப் பாசியின் சமையல் இல்லை. நாம்தான் ஊட்ட வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள், அரிசி அளவுக்கு நறுக்கிய இறால். பம்பை நிறுத்திவிட்டுக் கொடு, இல்லாவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். துப்பியதை உடனே எடு, கிடந்து அழுகினால் தண்ணீர் கெடும். விளக்கைக் குறைத்து வைத்து, வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டு. நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படாதே.

அக்கா
லீனா


ஜெலுத்தோங்
10 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே?

மண்டியிட்டதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

கொஞ்சம் தேவலை. ஆனால் நான் செய்வது சரியா தப்பா என்று தெரியவில்லை. நீங்கள் ஒரே ஒரு முறை வந்து பார்த்தால் போதும். வார்த்தைப்பாடு எடுக்கும்வரை வீட்டுக்குப் போக விடுவார்கள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். ஒரு வாரம் வந்துவிட்டுப் போனால் என்ன? உங்கள் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். வந்தபிறகு தங்குவதா போவதா என்பது உங்கள் இஷ்டம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

டேரில்


மடம்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மூன்று பேர் வார்த்தைப்பாடு எடுக்கிறார்கள். நான் எடுக்கவில்லை. மதரும் நானும் பேசி முடிவு செய்தோம். மனம் இன்னும் ஜெலுத்தோங்கில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கிடக்கும்போது, எல்லாவற்றையும் விட்டேன் என்று பீடத்தின் முன் சொல்வது சரியல்ல. ஒரு வருடம் தள்ளிவைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருவதற்கில்லை.

இதில் உன் தவறு எதுவும் இல்லை.

லீனா


ஜெலுத்தோங்
21 ஏப்ரல் 2024

அக்காவுக்கும், மதருக்கும்,

வணக்கம். இந்தக் கடிதத்தை இருவரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மதர் எப்படியும் படிப்பார். இருந்தாலும் அவரிடமே சொல்கிற மாதிரி எழுதினால்தான் என்னால் எழுத முடியும்.

அனிமோனுக்கு ஒன்றும் இல்லை. அக்டோபரில் இரண்டு நாள் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை அது வெளுக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. இப்போது சோற்றுத் தட்டை விடப் பெரிதாக இருக்கிறது. நான் எழுதியது எல்லாம் பொய்.

இதோடு நவம்பர் 28 என்று தேதி போட்ட ஒரு தாளை வைத்திருக்கிறேன். அதுதான் உண்மையான பதில். மறுநாள் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேறொன்று எழுதினேன். ஒரு பொய்தானே, ஒரு நீளமான கடிதம் வந்தால் போதும் என்று நினைத்தேன். வந்தது. அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு மேலும் மேலும் தேவைப்படுகிறது.

போட்டோ சிவநேசன் அண்ணன் வளர்ப்பு மீன் கடையில் எடுத்தது. தொட்டிக்கு நீங்கள் உப்பு வாங்குவீர்களே, அதே கடை. கடைசித் தொட்டியில் ஒன்று செத்துக்கொண்டு கிடந்தது. நான் போனைத் தூக்கியதும் அவர் வந்துவிட்டார்.

"என்னா டேரில், சாகப்போறத போட்டோ எடுக்கிற? ஒன்னோடது நல்லாத்தானே இருக்கு?"

"அக்காவுக்கு அனுப்பணும் அண்ணே."

"அப்ப ஒன்னோடத எடுத்து அனுப்பு லா."

"அது நல்லா இருக்கு அண்ணே. அதான் பிரச்சன."

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, பக்கத்துக் கட்டில்காரன் எக்ஸ்ரேய தூக்கிட்டு வந்து டாக்டர்கிட்ட எம்சி லீவு கேக்கிற மாதிரி இருக்கு நீ செய்யிறது. லீனா சாமிகிட்ட போன பொண்ணு. அதுகிட்ட போயா?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அதே வாரம் போட்டோவைக் கழுவி உங்களுக்கு அனுப்பினேன். வாய் எப்படிப் பிளக்கும், எவ்வளவு வெளுக்கும் என்பதெல்லாம் அந்தத் தொட்டியின் முன்னால் நின்று மனப்பாடம் செய்ததுதான். அது நான் போட்டோ எடுத்த மறுநாளே செத்துவிட்டது.

நீங்கள் எல்லார் முன்னாலும் மண்டியிட்டீர்கள் என்று படித்த அன்று எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. கத்தவும் முடியவில்லை, காட்டவும் முடியவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், வந்து பாருங்கள் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகம் அவமானமாக இருக்கிறது. அனிமோன் சாகப்போகிறது என்றால் ஓடி வருவீர்கள், வந்தால் அப்படியே தங்கிவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் வந்து தொட்டியைப் பார்க்கும்போது என்ன சொல்வது என்பதை யோசிக்கக்கூட இல்லை.

மதர் அவர்களே, அக்காவின் மனம் தொட்டிக்குள் கிடந்தது அக்காவின் குற்றம் அல்ல. நான்தான் மாதாமாதம் இழுத்துப் போட்டேன். ஆகஸ்டில் வார்த்தைப்பாடு கொடுத்துவிடுங்கள். தண்டனை எனக்குக் கொடுங்கள், செய்கிறேன்.

டேரில்


மடம்
26 மே 2024

அன்புள்ள டேரில்,

உன் கடிதத்தை மதர் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். நடுவில் நிறுத்தவில்லை. படித்து முடித்ததும், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும்.

வாய் பிளந்த அனிமோன் மூன்று நாள் தாங்காது என்று உனக்கு எழுதியவளே நான்தான். உன்னுடையது ஆறு வாரம் வாய் பிளந்து கிடந்தது, வீடு நாறியதாக நீ ஒரு வரிகூட எழுதவில்லை. போட்டோவைப் பார்த்ததும் சந்தேகமும் போய்விட்டது. அது வேறு வகை. நம்முடையது பாறை இடுக்கில் நிற்பது, அது மணலில் நிற்பது. அதனால்தான் ஜனவரியில் நான் எழுதவில்லை. பொய் என்று தெரிந்தபின் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

பிப்ரவரியில் உன் நாலு வரி வந்தது. மறுபடி எழுத ஆசை வந்துவிட்டது. இறாலைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தவளாக நின்று யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இங்கே நான் பாத்திரம் கழுவுகிறேன், அதிலும் ஒழுங்கில்லை என்று திருத்துகிறார்கள். உன் பொய்யைப் பிடித்துக்கொண்டு உணவறையில் மண்டியிட்டேன். நோயே இல்லாத பிராணிக்கு நோய் என்று சகோதரிகள் முன் சொன்னேன். நீ காகிதத்தில் பொய் சொன்னாய், நான் முழங்காலில் நின்று சொன்னேன். எது பெரிது என்று உனக்கே தெரியும்.

இதை எல்லார் முன்னும் திரும்பச் சொல்லிவிட்டேன். வார்த்தைப்பாடு இந்த ஆகஸ்டில் கிடையாது, அது மாறவில்லை. காரணம் மட்டும் மாறியிருக்கிறது. அது உன்னுடையது அல்ல, என்னுடையது. ஏப்ரலில் தொட்டியின் மேல் பழி போட்டேன், அதுவும் பாதி உண்மைதான். அடுத்த ஆகஸ்டில் எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இதை உறுதியாகச் சொல்கிறேன் டேரில், நான் இங்கேதான் இருக்க விரும்புகிறேன்.

மதர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். உனக்கு எழுதிய கடிதங்களில் எத்தனை கேள்வி கேட்டேன் என்று எண்ணிச் சொல்லச் சொன்னார். அவர் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் நகல் எடுத்து வைத்திருக்கிறார். உட்கார்ந்து எண்ணினேன். அனிமோனைப் பற்றி ஒன்பது. உன்னைப் பற்றி ஒன்றுமில்லை.

"நலமறிய ஆவல்னு எழுதியிருக்கேனே மதர்," என்றேன்.

"அது தபால்தலை மாதிரி லீனா, எல்லாக் கடுதாசியிலும் ஒட்டுறது," என்றார்.

அந்தத் தொட்டியின் வாயைப் பார், காலைப் பார் என்று எழுதிய எனக்கு உன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. அம்மாவைப் புதைத்து நாலு மாதத்தில் உன்னை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்தேன். அழைப்பு வந்தது, வந்தேன், அதற்கு நான் வருந்தவில்லை. வந்தபின் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்கு வெட்கப்படுகிறேன். கேட்டால் திரும்பி வரத் தோன்றும் என்ற பயத்தில் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். நீ என்ன சாப்பிடுகிறாய்? யார் சமைக்கிறது? அம்மாவின் அறையை என்ன செய்தாய்? பேச யார் இருக்கிறார்கள்? என்னைப் பற்றி யாராவது விசாரித்தால் என்ன சொல்கிறாய்? பதில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

அக்கா
லீனா


ஜெலுத்தோங்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மதருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை நான் ஃபேக்டரி கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். ஜனவரியிலேயே தெரியும் என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். உங்கள் மேல் கோபம் வருமா என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன். வரவில்லை. தெரிந்தும் எழுதினீர்களே என்று சந்தோஷமாக இருந்தது. அதற்கும் வெட்கப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். காலையில் கோப்பி மட்டும். மத்தியானம் கேன்டீன். ராத்திரிக்குச் சோறு நானே வைக்கிறேன், ஒரு தடவை வைத்தால் மூன்று நாள் வரும். குழம்பு வாங்கிக்கொள்வேன். ஏழு கிலோ இறங்கிவிட்டேன், பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன். அம்மா அறையில் துணி காயப்போடுகிறேன். முதலில் கதவைத் திறக்காமல்தான் இருந்தேன், மழைக்காலத்தில் வேறு இடம் இல்லை. பேசுவதற்குச் சிவநேசன் அண்ணன் இருக்கிறார். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். "லேட்டாச் சொன்னாலும் சொன்னியே லா," என்று ஒரு டப்பா உப்பு சும்மா கொடுத்தார். அவர் மனைவி ருக்குமணி அக்கா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.

கடைசிக் கேள்விதான் கஷ்டம். ஃபேக்டரியில் யாராவது விசாரித்தால், அக்கா ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறது என்கிறேன். கோயிலில் எல்லாருக்கும் தெரியும், மற்ற இடத்தில் இதுதான் பதில். உங்களை நினைத்து வெட்கப்பட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள். அதனால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், அதோடு என் பொய்க் கணக்கு தீர்ந்தது. நீங்கள் மடத்துக்குக் கிளம்பிய அன்று லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். லீவு எடுத்திருந்தேன். சூலியா தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்து மூன்று கோப்பி குடித்தேன். உங்கள் பஸ் பத்தரைக்கு. பத்தரைக்குக் கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்றுக்கும் பார்த்தேன். நீங்கள் வாசலில் பையை வைத்துக்கொண்டு எதிர் வீட்டு நல்லம்மாள் அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனதாக அவர் பிறகு என்னிடம் சொன்னார். நான் வந்து வழியனுப்பினால், போகச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். நான் அனுப்பாவிட்டால் நீங்கள் போகவில்லை என்று ஆகிவிடுமா? நாற்பது வயதை எட்டப்போகிறவன் புத்தி இது.

அடுத்த வருடம் ஆகஸ்ட் பதினைந்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் காமினி மேடம், இவ்வளவு முன்னாலேயே எதற்கு என்று கேட்டார். என் அக்கா கன்னியாஸ்திரி ஆகிறது மேடம் என்றேன். ஃபேக்டரியில் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. அவர் எழுந்து கை கொடுத்தார்.

வந்து முன் வரிசையில் நிற்பேன். ஆனால் நீங்கள் கிளம்பிய அன்றைக்குச் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லாமல் இத்தனை மாதம் வாயில் வைத்திருந்தேன், இனியும் வைத்திருக்க முடியாது. வாசலில் நின்று சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போகாதீங்க அக்கா.

சொல்லிட்டேன். இப்ப போயிட்டு வாங்க.

தம்பி
டேரில்